அம்மாவின் கிடங்குக்கு ஒருவழி வால்வு

மோட்டர் நின்றதும் விழித்துக்கொள்கிற என் அம்மாவுக்கு,

இன்று காலை எழும்பியதும் முதல் வேலையாகக் குசினிக்குப் பின்னால் போய்த் தண்ணீர்க் கிடங்கின் மூடுபலகையைத் தூக்கினேன். முகம்கூடக் கழுவவில்லை. இரவெல்லாம் மழை. எப்போதோ கரண்ட் போயிருந்தது, நான் எழும்பிய பிறகும் வரவில்லை. கரண்ட் இல்லையென்றால் மோட்டர் இல்லை. மோட்டர் இல்லாத மழை இரவில் எங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? டோர்ச்சை அடித்துப் பார்த்தேன். ஊறிய தண்ணீர் மட்டும் அரைக் கிடங்குக்கும் கீழே கிடந்தது. வாவி உள்ளே வரவில்லை.

சந்தோசப்பட்டேன்தான். ஆனால் அதற்குள் ஒரு கேள்வி வந்து பக்கத்தில் குந்திக்கொண்டது. நான் குழாயில் பூட்டியது கைக்குள் அடங்குகிற ஒரு பிளாஸ்டிக் சாமான். இதை ஏன் நீங்கள் இத்தனை மாரியாகப் போடவில்லை?

உங்களைக் கேட்காமல் யாரைக் கேட்பது?

எங்கள் வீட்டைப் பற்றி உங்களுக்கே சொல்வது வேடிக்கைதான். ஆனாலும் எழுதிப் பார்த்தால்தான் எனக்கு விளங்குகிறது. தேற்றாத்தீவில் வாவியோரம் கடைசிக் காணி, உங்களுக்குச் சீதனமாக வந்த வீடு. அப்போது றோட்டைவிட வீடுதான் உயரம் என்பீர்கள். றோட்டுக்குக் கல்லும் தாரும் கொட்டக் கொட்ட அது ஏறிப்போனது. வீடு இருந்த இடத்திலேயே இருந்தது. முன்னுக்கு றோட்டு, பின்னுக்கு மண் அணைக்கட்டும் வாவியும், நடுவில் சோற்றுக் கோப்பைபோல எங்கள் வளவு. மாரியில் தண்ணீர் மேலிருந்து விழுவதைவிட நிலத்திலிருந்து ஊறுவதுதான் கூடுதல். அதற்காகத்தான் சீமெந்து வளையமான கிணற்றுக் கொட்டுகளை இறக்கி அந்தக் கிடங்கைச் செய்தீர்கள். உள்ளே தண்ணீரில் மூழ்கிக் கிடக்கிற மோட்டர். அதிலிருந்து குழாய் மேலேறி, கட்டைத் தாண்டி, வாவித் தண்ணீருக்குள் வாயை வைத்துக் கிடக்கும்.

வாயை உள்ளே வைத்ததில்தான் எல்லாக் கரைச்சலும். வெளியே விட்டால் விழுகிற தண்ணீர் மண் கட்டை அரித்துவிடும் என்று பயந்தீர்கள், அதுவும் சரிதான். ஆனால் மாரியில் வாவி எங்கள் வளவைவிட உயர்ந்து நிற்கும். டிரக்டர் டாங்கியில் இறப்பர்க் குழாயை விட்டு டீசலை உறிஞ்சி இறக்குவார்களே, அதேபோல மோட்டர் நின்ற உடனே வாவி அந்தக் குழாய்வழியே கிடங்குக்குள் இறங்கத் தொடங்கும். "போன தண்ணி சொந்தக்காரரையும் கூட்டிட்டு வருது" என்பீர்கள்.

அதனால் கட்டடியில், அந்த மண் கட்டின் அடியில், ஒரு கேட் வால்வு. மோட்டரை நிறுத்துவதற்கு முன் நீங்கள் நடந்துபோய் அதன் சக்கரத்தைத் திருகி மூடுவீர்கள், பிறகுதான் சுவிட்ச். கரண்ட் சொல்லாமல் போனால் ஓடுவீர்கள். தலையில் சவர்க்காரம் இருந்தாலும், கையில் சோறு இருந்தாலும். ஐப்பசி தொடங்கித் தை முடியும்வரை நீங்கள் ஓர் இரவும் வெளியே தங்கியதில்லை. என்னுடைய பட்டமளிப்புக்கு வரவில்லை. தங்கச்சி வதனிக்கு மூத்தவன் பிறந்தபோது, படுவான்கரையில் அவள் கட்டிப்போன கரடியனாற்றுக்குப் போய், பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு, பின்னேர பஸ்ஸிலேயே திரும்பினீர்கள். அம்மாவுக்கு வீட்டை விட்டால் விசர் பிடித்துவிடும் என்று நாங்கள் இருவரும் சிரித்தோம்.

நீங்கள் எங்களை விட்டுக் கண்மூடியது ஆவணியில், நல்ல வெயிலில். யாரும் கிடங்கை நினைக்கவில்லை. கார்த்திகையில் முதல் பெருமழை பெய்தபோது நான் பள்ளிக்கூடத்தில் மனைப்பொருளியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் அப்பா தனியே. மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. அப்பா கட்டடிக்குப் போயிருக்கிறார். வாதம் பிடித்த கையால் சக்கரத்தைத் திருக முடியவில்லை. நான் வந்தபோது குசினியில் கணுக்காலுக்கு மேலே தண்ணீர் நின்றது. அப்பா இன்னும் கட்டடியில், இரண்டு கையாலும் அந்தச் சக்கரத்தைப் பிடித்தபடி நனைந்துகொண்டிருந்தார்.

"விடுங்கப்பா. உள்ளுக்கு வாங்க."

"நான் விட்டா இத ஆர் பூட்டுற?" என்றார்.

வதனி அடுத்த நாளே வந்து இறங்கினாள். உடுப்பைத் தூக்கிச் சொருகிக்கொண்டு குசினிச் சேற்றை வழித்தபடியே தொடங்கினாள்.

"அக்கா, இது வீடா குளமா? அப்பாவ நான் கூட்டிட்டுப் போறன். எங்கட வீடு மேட்டில இரிக்கி."

"அப்பா வரமாட்டார்."

"நீ விடமாட்டாய் எண்டு சொல்லு."

அப்பா கதிரையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இருவரையும் பார்த்தார். "நான் ஒரு இடமும் வரல்ல மனே. மோட்டர ஆர் பாக்கிற?"

"மோட்டரா முக்கியம்? வழுக்கி விழுந்தா மோட்டரா உங்களத் தூக்கிட்டு ஆசுப்பத்திரிக்கு ஓடும்? இன்னொருக்காத் தண்ணி உள்ளுக்கு வந்தா நான் ஆரையும் கேக்கமாட்டன். கதிரையோட தூக்கிட்டுப் போயிருவன்."

அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் அப்பாவும் போய்விட்டால் இந்த வீட்டில் நான் மட்டும்தானே, அம்மா. "கலியாணம் கட்டாமலே சீதன வீடு எடுத்தவ" என்று வதனி என்னைப் பகிடி பண்ணும்போது நானும் சேர்ந்து சிரிப்பேன். பகல் நேரத்தில் சிரிக்கலாம். அப்பாவின் இருமல் கேட்காத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. தண்ணீர் இன்னொரு முறை வரக்கூடாது. அவ்வளவுதான் எனக்குத் தேவைப்பட்டது.

சனிக்கிழமை காத்தான்குடிக்குப் போய், நீங்கள் வழக்கமாக வாங்குகிற ஹாட்வெயார் கடையில் விசயத்தைச் சொன்னேன். முதலாளி ஒரு பெட்டியிலிருந்து அந்த வால்வை எடுத்து மேசையில் உருட்டினார்.

"உள்ளுக்க ஒரு மூடி இரிக்கி ரீச்சர். தண்ணி போனாத் திறக்கும், கிறுகி வந்தா மூடும். நம்மட மருமகன் மாதிரி இல்ல இது. போனாத் திரும்பி வராது."

பக்கத்தில் சாமான் வாங்கிக்கொண்டிருந்த அவருடைய மருமகன் காதில் விழாததுபோல ஆணிகளை எண்ணிக்கொண்டிருந்தார். தண்ணீர் ஏறினால் மோட்டரைத் தானாகவே போடுகிற மிதவை சுவிட்ச் ஒன்றையும் எடுத்தேன். எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன்.

"வாவிக்கரைக் கடைசி வீடா? ஒங்கட அம்மாவும் இதே சாமான ஒருக்கா வாங்கிட்டுப் போனவ. மறுகா கொண்டு வந்து தந்திட்டா. எங்களுக்குச் சரிவராது தம்பி எண்டா. என்ன பழுது எண்டு கேட்டதுக்குச் சிரிச்சிட்டுப் போயிட்டா."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த வால்வை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் வாயை வைத்து ஊதினால் காற்றுப் போகிறது. மற்றப் பக்கம் ஊதினால் கன்னம்தான் வீங்குகிறது. பக்கத்துச் சீற்றில் இருந்த மனிசி கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு தள்ளி அமர்ந்தார். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. நீங்கள் இதை வாங்கியிருக்கிறீர்கள், திருப்பிக் கொடுத்திருக்கிறீர்கள், பிள்ளைகள் எங்களிடம் சொல்லவில்லை. எதற்குச் சிரித்தீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை வாளியால் கிடங்கை இறைத்துவிட்டு உள்ளே இறங்கினேன். பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான், கத்தாதீர்கள். அப்பா மேலே குந்தியிருந்து டோர்ச் பிடித்தார். கையால் செய்ய முடியாததையெல்லாம் வாயால் செய்தார்.

"அம்புக்குறி எங்க பாக்குது?"

"மேல பாக்குது."

"நல்லாப் பாரு. தலைகீழாப் பூட்டிட்டுப் பிறகு அப்பாவக் குத்தம் சொல்லாத. இதையும் மனைப்பொருளியல்லயா படிப்பிக்கிறாய்?"

"இனிப் படிப்பிப்பன்."

குழாயை இரும்பறுக்கிற வாளால் அறுத்து, பசை தடவி, வால்வைச் செருகிப் பிடித்தேன். பசை காய்வதற்குள் ஊற்று வந்து மோட்டரை மூடிவிட்டது. மேலே ஏறி சுவிட்சைப் போட்டேன். மோட்டர் உறுமியது. அப்பா கட்டடியில் போய் நின்று பார்த்துவிட்டுக் கையை விரித்தார். தண்ணீர் போகவில்லை. நிறுத்தி மறுபடி போட்டேன். உறுமல் மட்டும்தான்.

"அண்டைக்கும் இப்பிடித்தான்," என்றார் அப்பா.

"எண்டைக்கு?"

"உங்கட அம்மா பூட்டினண்டைக்கு. முதல் நாள் நல்லாத்தான் ஓடிச்சு. மறுகா இப்பிடி உறுமிச்சு, தண்ணி போகல்ல. கழட்டிட்டா."

முதல் நாள் ஓடியதாம். அப்படியானால் இரண்டாம் நாளைக்குள் எது மாறியது? மனதை அரித்துக்கொண்டிருந்த அந்தக் கேள்விதான் என்னை மறுபடி கிடங்குக்குள் இறக்கியது. மோட்டருக்குச் சற்று மேலே, நான் புது வால்வைப் பூட்டிய இடத்துக்குக் கீழே, பழைய குழாயில் ஒரு சைக்கிள் ரியூப் துண்டு பாசி பிடித்துச் சுற்றிக் கிடந்தது. கட்டியிருந்த விதத்தைப் பார்த்ததும் அப்பாவின் கை என்று தெரிந்தது. படலை, வாளிப்பிடி, மூக்குக்கண்ணாடிக் கால் என்று வீட்டில் தளர்ந்த எல்லாவற்றையும் அவர் அதால்தானே கட்டுவார். எதை மறைக்கிறது என்று பார்க்க அவிழ்த்தேன்.

ஸ் என்று ஒரு சத்தம். குழாய் மூச்சு விட்டது, அம்மா. உள்ளே அடைபட்டிருந்த காற்று அந்த இடத்தால் சீறி வெளியே வந்தது. அங்கே ஒரு சின்ன ஓட்டை. வெடிப்பு இல்லை. விளிம்பு உருகி வழவழப்பாக இருந்தது, ஆணியைச் சூடாக்கிக் குத்தினால் வருமே, அப்படி. மேலே ஏறி சுவிட்சைப் போட்டேன். அந்த ஓட்டையால் நூல்போல ஒரு தண்ணீர் கிடங்குக்குள்ளேயே பீச்சியது. மிச்சமெல்லாம் மேலேறியது. கட்டடியிலிருந்து அப்பா கூவினார்.

"போகுது! போகுது மனே, போகுது!"

வால்வு மேலே குழாயை அடைத்துவிடுவதால் மோட்டருக்குள் சிக்கிய காற்றுக்கு வெளியே போக வழியில்லை. தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் காற்று இருந்தால் மோட்டர் வெறுமனே சுற்றும். அந்தக் காற்றுக்குத்தான் ஓட்டை. நான் அதைத் தற்செயலாகக் கண்டுபிடித்தேன். நீங்கள் முன்கூட்டியே குத்தியிருக்கிறீர்கள். யார் சொல்லித் தந்தது? கடைக்காரரா? அல்லது அடுப்படியில் குந்தியிருந்து நீங்களே யோசித்ததா?

அப்பா நனைந்த காலோடு வந்தார். ரியூப் துண்டை நீட்டினேன்.

"இத ஆர் கட்டின?"

"நான்தான். குழாய் ஒழுகிச்சு. உங்கட அம்மா களுதாவளைப் பிள்ளையாரிட்டப் போன நேரம். அப்ப எனக்குக் கை நல்லம்தானே. வந்து பாத்தாச் சந்தோசப்படுவா எண்டு இறங்கிக் கட்டினனான்."

"அது ஒழுக்கில்லப்பா. காத்துப் போறதுக்கு அம்மா போட்ட ஓட்டை."

அவர் துண்டை வாங்கி விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார்.

"அவ ஒண்டும் சொல்லல்லயே," என்றார். பிறகு, "அப்ப நானா அவவ இவ்வளவு காலமும் இந்தக் கட்டடியில கட்டி வெச்ச?"

நனைந்த உடுப்பை மாற்றுங்கள் என்று மட்டும் சொன்னேன். அந்தக் கேள்வியை அப்படியே உங்களிடம் தள்ளிவிடுகிறேன்.

வால்வைக் கழற்றக் கிடங்குக்குள் இறங்கிய நீங்கள் அந்த ரியூப்பைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. அவிழ்க்க ஒரு நிமிசம் போதுமே. ஓட்டை எதற்கென்று முழுதாக விளங்காமல், யாரோ சொன்னதற்காகக் குத்தியிருந்தீர்களோ? அல்லது அப்பா ஆசையாகக் கட்டியதை அவிழ்த்தால் அவர் முகம் சுண்டிவிடும் என்று விட்டீர்களோ? கடையில் சிரித்த சிரிப்பு இதற்கா?

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. கேட் வால்வை மூடிய பிறகு நீங்கள் உடனே திரும்பி வரமாட்டீர்கள். சக்கரத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு வாவிக்கு அக்கரையில் படுவான்கரைப் பக்கம் பார்த்தபடி நிற்பீர்கள். மழை தூறினாலும் நிற்பீர்கள். வேலையாக நிற்கிறீர்கள் என்று நாங்கள் கூப்பிடமாட்டோம். வீட்டில் உங்களை யாரும் கூப்பிடாத இடம் அது ஒன்றுதானோ? அதை ஒரு பிளாஸ்டிக் சாமானுக்குக் கொடுத்துவிட உங்களுக்கு மனம் வரவில்லையோ? தெரியவில்லை, அம்மா. கூடவே இருந்து வளர்ந்தும் உங்களைப் பற்றித் தெரியாதது இவ்வளவு இருக்கிறதே என்று வியப்பாக இருக்கிறது. இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கலாம்போல இருக்கிறது.

ஊர்ச் செய்தியும் சொல்ல வேண்டும். முகத்துவாரத்தை இன்னும் வெட்டவில்லை. வயல் தாழுது, மண் திட்டை வெட்டி வாவியைக் கடலுக்கு விடுங்கள் என்று வேளாண்மைக்காரர் நிற்கிறார்கள். இப்போதே வெட்டினால் இறால் எல்லாம் கடலுக்குப் போய்விடும் என்று தோணிக்காரர் நிற்கிறார்கள். இரண்டு பக்கமும் பேசி முடிக்கும்வரை வாவி எங்கள் கட்டுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

மிதவை சுவிட்சையும் பூட்டிவிட்டேன், மோட்டர் இப்போது தானே ஓடித் தானே நிற்கிறது. முதல் கிழமை அப்பா வால்வை நம்பவில்லை. மோட்டர் நிற்கிற ஒவ்வொரு தடவையும் கட்டடிக்குப் போய்ச் சக்கரத்தில் கையை வைப்பார். பிறகு ஒருநாள் குழாயில் காதை வைத்துக் கேட்டிருக்கிறார். மூடி விழுகிற சத்தம் கேட்டிருக்கிறது. அன்றிலிருந்து அது அவருக்கு விளையாட்டாகிவிட்டது. வதனிக்குப் போன் எடுத்து, போனைக் குழாயில் பிடித்தார்.

"கேட்டியா? டொக் எண்டு?"

"என்னப்பா, கதவா?"

"வாவி. உங்கட அக்கா வாவியப் பூட்டிட்டா."

"ஓம், ஓம். பூட்டின திறப்பக் கவனமா வெச்சிரிக்கச் சொல்லுங்க."

இன்று காலை கிடங்கைப் பார்த்துவிட்டு வந்து அப்பாவுக்குத் தேத்தண்ணி கொடுத்தேன். முழு இரவும் கரண்ட் இல்லை, யாரும் எழும்பவில்லை, வாவி வரவில்லை. வென்றுவிட்ட குரலில்தான் சொன்னேன். "இனி வதனி வாயே திறக்க ஒண்ணாது. நீங்க இங்கதான்."

அப்பா ஊதி ஊதிக் குடித்தார். "அப்ப நான் ஒருக்கா வதனியிட்டப் போயிட்டு வரட்டா?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "நீங்கதானே போகமாட்டன் எண்டு நிண்ட?"

"மோட்டருக்காக நிண்டன். இனி எனக்கு என்ன வேலை? கரடியனாத்து வயல் வட்டையில இப்ப வேளாண்மை குடலையா, கதிரு வெளிய வராமப் பச்சையா நிக்கும். மாரி வேளாண்மைய நான் பச்சையில பாத்து எவ்வளவு காலம். கலியாணம் கட்டி இஞ்ச வந்த பிறகு மாரியில அங்கால போனதே இல்ல. அவ தனியக் கட்டடியில நிக்க, நான் எப்பிடிப் போற?"

அவர் பிறந்ததே அந்த வட்டையின் ஓரத்தில்தான் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். மட்டக்களப்பில் பெரும்பாலும் ஆண்கள்தான் மனைவி வீட்டுக்கு வந்துவிடுவார்கள், வதனிபோல மாறிப் போகிறவர்கள் குறைவு. வந்தவர்களுக்கும் ஒரு ஊர் இருந்தது என்பதை நாங்கள் நினைப்பதில்லை. வீட்டை விட்டு அசையாதவர் என்று நான் நினைத்திருந்த மனிதர் உங்களுக்காக அசையாமல் இருந்திருக்கிறார். அப்பாவை இங்கேயே வைத்திருக்கத்தான் நான் கிடங்குக்குள் இறங்கினேன். இறங்கிச் செய்த வேலை அவரைப் போக விட்டுவிட்டது. இதற்கு நீங்கள் கட்டாயம் சிரிப்பீர்கள்.

வாற வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட லீவு தொடங்குகிறது. மறுநாள் காலை அப்பாவைக் கூட்டிக்கொண்டுபோய் விடுவதாகச் சொல்லிவிட்டேன். விட்டுவிட்டு அன்று பின்னேரமே பஸ் ஏறித் திரும்புவேன் என்று அப்பாவும் வதனியும் நினைத்திருக்கிறார்கள். நீங்கள் செய்தது அதுதானே. இந்த வீட்டுப் பெண்பிள்ளை மாரியில் வேறு என்ன செய்வாள்?

நான் திரும்பி வரப்போவதில்லை, அம்மா. லீவு முடியும்வரை அங்கேதான். கேட் வால்வைத் திறந்தபடி விட்டு, வீட்டைப் பூட்டி, திறப்பை என் கைப்பையில் போட்டுக்கொண்டு போகிறேன். ஊறுகிற தண்ணீரை வால்வு தடுக்காது, கரண்ட் நாட்கணக்கில் போனால் கிடங்கு நிரம்பும், எல்லாம் தெரியும். நிரம்பினால் வந்து சேற்றை வழிப்பேன். அங்கிருந்து பக்கத்து வீட்டுக்குப் போன் எடுத்துத் தண்ணீர் வந்ததா என்று ஒருநாளும் கேட்கமாட்டேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு. இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

இந்த மாரியில் படுவான்கரையில் படுத்துறங்கப்போகிற,
உங்கட மூத்த மகள்